நெவிலுக்கு மூன்று சுற்று

கார்மைக்கல் கிரீக், விக்டோரியா
3 ஆகஸ்ட் 2015

கிளெனிஸுக்கு,

உன் முகவரியைப் பிரையனி கொடுத்தாள். தொலைபேசி எண்ணும் கொடுத்தாள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே ஒருத்தி கத்துவாள், அநேகமாக அது நானாகத்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ஜாரெட். பெண்டிகோ நகரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான், மரியாதை தெரிந்த பிள்ளை. அக்டோபர் 31, சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலத்தில், பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில். இரண்டு பேர் கையையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, வட்டம் சுற்றி, முழுக்க, மண்ணையும் சூரியனையும் கும்பிடும் நம் பேகன் முறைப்படி. சர்ச் வேண்டாம், பதிவு அலுவலகம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஊரே "சூனியக்காரி வீடு" என்று பெயர் வைத்த வீட்டில் வளர்ந்த பெண், அதே ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எதையும் ஒளிக்காமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நடத்திவைக்க நீதான் வர வேண்டுமாம். அரசாங்கத்தில் பதிவு செய்து, கல்யாணம் நடத்திவைக்கும் உரிமை வாங்கிவிட்டாயாமே? அதுவும் அவள் சொல்லித்தான் தெரியும். "கிளெனிஸ் சித்தி வரலேன்னா இது வேணாம்மா, விட்டுடலாம்" என்கிறாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதே.

ஒரே ஒரு நிபந்தனை. வட்டம் என் நிலத்தில் நடக்கிறது. வலமாகத்தான் சுற்ற வேண்டும். 1990-இல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் குழுவை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான் சுற்றுகிறோம். ஆறு வருஷத்துக்கு முன் நீ செய்த காரியத்தை என் மகள் கல்யாணத்தில் செய்ய விடமாட்டேன்.

சம்மதம் என்றால் எழுது.

அவெரில்


சிக்னெட், டாஸ்மேனியா
12 ஆகஸ்ட் 2015

அவெரில்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். படித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. அம்மாடி, நீ கொஞ்சம்கூட மாறவில்லை!

பிரையனிக்காக நான் நடந்தே வருவேன், நடுவில் கடல் இல்லாவிட்டால். ஆனால் வலமாகச் சுற்ற மாட்டேன்.

"நீ செய்த காரியம்" என்று எழுதியிருக்கிறாய். என்ன பெரிய காரியம்? 2009 செப்டம்பர், வசந்தச் சடங்கு, பதினேழு பேர் நிற்கிறோம். நான் இடப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தேன். எல்லார் முன்னாலும் நீ கத்தினாய்: "ஏய், என்னடி பண்ற? நாங்க கட்டுறோம், நீ அவுக்குறியா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "வெளிய போ" என்றாய். போனேன். என் பின்னாலேயே ஒன்பது பேர் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

அன்று சொல்ல விடாததை இப்போது சொல்கிறேன். நம் கையில் இருக்கிற புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்தில் இருந்துகொண்டு எழுதியவை. அங்கே சூரியன் கிழக்கே உதித்துத் தெற்கு வழியாக மேற்கே போகும். அதோடு நடந்தால் வலச்சுற்று. சூரியனோடு நடப்பது கட்டுவதற்கு, சேர்ப்பதற்கு, வளர்ப்பதற்கு. சூரியனுக்கு எதிரே நடப்பது அவிழ்ப்பதற்கு, விடுவிப்பதற்கு. இதுவரை உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறதே அவெரில்! இங்கே அதோடு நடந்தால் இடச்சுற்றுதான் வரும். குளிர்காலப் பண்டிகையை டிசம்பர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்துக் கொண்டாட வேண்டாம், ஜூனுக்கு மாற்றுவோம் என்று முதலில் கை தூக்கியவளே நீதான். மாதத்தைத் திருப்பினாய், காலை மட்டும் திருப்ப மாட்டேன் என்கிறாய்.

போன வாரம் ஆப்பிள் தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது புதிதாக வந்தவன் ஒருவன் கேட்டான்: "நீங்கள்லாம் என்னத்தம்மா கும்புடுறீங்க?"

"நீ மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே, அந்த மண்ண. மேல காயுதே, அந்தச் சூரியன. பொறக்குறது, வளர்றது, சாகுறது, எல்லாத்தையும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோ போதாதா?"

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். எனக்கு அது போதும். இந்த மண்ணின் மூத்த குடிகளுடைய கதைகளை நான் தொடுவதில்லை, அவை அவர்களுடையவை. ஆனால் சூரியனைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மண்ணைக் கும்பிடுகிறவள் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

சந்தேகம் இருந்தால் நிலத்தில் ஒரு குச்சியை நட்டு ஒரு நாள் முழுக்க நிழலைப் பார். கட்டிவைக்க வேண்டிய இரண்டு பிள்ளைகளை அவிழ்க்கும் பக்கமாகச் சுற்றி நான் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன். பிரையனிக்கு என் முத்தம்.

கிளெனிஸ்


கார்மைக்கல் கிரீக்
24 ஆகஸ்ட் 2015

கிளெனிஸ்,

பாடம் வந்து சேர்ந்தது. நன்றி, டீச்சர்.

நான் எந்த மண்ணில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். நீ டாஸ்மேனியாவில், தெருவுக்கு நாலு பேர் ஜோசியமும் மூலிகையுமாக இருக்கிற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு பேகன் என்று சொல்லிக்கொள்கிறாய். அங்கே யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? நான் இங்கே, ஒரு பெட்ரோல் பங்க்கும் மூன்று சர்ச்சும் உள்ள ஊரில், நூலகத்து மேசைக்குப் பின்னால் நம் அடையாளமான ஐந்து முனை நட்சத்திரத்தைச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். கழற்றச் சொல்லி மூன்று தடவை புகார் போனது. கழற்றவில்லை. ஊர்க் கண்காட்சியில் என் ஆரஞ்சு மார்மலேட் ஜாம் முதல் பரிசு வாங்கியபோது நடுவர் அம்மாள் காதோடு காதாகக் கேட்டாள்: "அதுல என்ன ஓதிப் போட்ட, அவெரில்?" "ரெண்டு கிலோ சர்க்கரை" என்றேன். 2011 கணக்கெடுப்புப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் பேகன் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பேனா மை பின்பக்கம்வரை ஊறிவிட்டது.

நீ போன பிறகு மிஞ்சியது ஏழு பேர். ஒரு பண்டிகைகூட விடவில்லை. கோடைத் திருநாளன்று தீக்குச்சி கிழித்தாலே அபராதம் என்று தடை போட்டிருப்பார்கள், புல் எல்லாம் காய்ந்து கிடக்கும், நடுவில் பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறோம். நெவில் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நிற்பார். "பேட்டரி தீப்புடிச்சா என்ன பண்றது?" என்பார்.

நெவில் பேச்சு வந்ததால் கேட்டுவிடுகிறேன். என் புருஷன் செத்தபோது நீ ஏன் வரவில்லை? உனக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். எதையும் நம்பாதவர், ஆனாலும் எல்லாச் சடங்குக்கும் நாற்காலி போட்டவர். கடைசி வாரம் என்னிடம் சொன்னார்: "பாதிரியார்லாம் வேணாம் அவெரில். உன் வழியிலயே அனுப்பி வை. இத்தன வருஷம் நாற்காலி தூக்கினேன்ல, அதுக்காச்சும்." என்னைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போனார். மரத்தடியில் பெட்டியை வைத்து, மூன்று சுற்று சுற்றினேன். என் பக்கத்தில் தங்கை இல்லை. அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

செப்டம்பர் முடிவதற்குள் நாம் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வராவிட்டால் பெண்டிகோ பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம் என்று பிரையனி சொல்லிவிட்டாள். அங்கே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருக்கிறார்கள். என் மகள் அதன் முன்னால் நிற்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவெரில்


சிக்னெட்
2 செப்டம்பர் 2015

அவெரில்,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். 2012 மே மாதம் உன்னிடமிருந்து ஒரு அட்டை வந்தது. "நெவில் போய்விட்டார். வியாழக்கிழமை. முறையாகச் சுற்றுவதாக இருந்தால் வா." அவ்வளவுதான். என் பெயர்கூட எழுதவில்லை.

கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அவெரில். பையும் கட்டிவிட்டேன். அந்த அட்டையை இன்னொரு தடவை படித்தேன். "முறையாக" என்ற சொல்லைப் படித்துப் படித்துப் பையை அவிழ்த்தேன். செத்தது நெவில். லாரி கிளட்ச்சை நான் மூன்று தடவை நாசமாக்கியும் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். அவரை அடக்கம் செய்ய, காலை எந்தப் பக்கம் வைப்பது என்ற வீம்பில் நான் போகவில்லை. உன் அட்டையைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று மூன்று வருஷம் முயற்சி செய்தேன். முடியவில்லை. நீ அழைத்த விதம் தப்பு. வராமல் இருந்தது என் தப்பு. இதைவிடக் கேவலமான காரியம் நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

நூலகத்தில் நீ நட்சத்திரத்தைக் கழற்றாததைப் பற்றி இங்கே எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன், தெரியுமா? "எங்க அக்கா இருக்காளே" என்று ஆரம்பித்தால் எங்கள் வட்டத்தில் ஒருவன் "மூணு புகார், கழட்டல, அதானே?" என்று முடித்துவைப்பான். உன்னோடு பேசாமல் இருந்த ஆறு வருஷமும் உன் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் வலமாகச் சுற்றிக் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன். மன்னிப்பு வேறு, இது வேறு. பொய்யாக ஒரு சடங்கு செய்தால் அப்புறம் நமக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் என்ன வித்தியாசம்?

குச்சியை நட்டாயா?

கிளெனிஸ்


கார்மைக்கல் கிரீக்
17 செப்டம்பர் 2015

கிளெனிஸ்,

அந்த அட்டை எனக்கு ஞாபகம் இல்லை. நீ பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதால் எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன். அந்த வாரம் நான் யாருக்கு என்ன எழுதினேன் என்றே தெரியாது. இருந்தாலும் அப்படி எழுதியிருக்கக் கூடாது. 

குச்சியை நட்டேன். உனக்காக இல்லை, நீ சொன்னது தப்பு என்று எழுதுவதற்காக. பழைய மண்வெட்டிக் காம்பு ஒன்றை நட்டு, ஒவ்வொரு மணிக்கும் நிழல் நுனியில் ஒரு கல் வைத்தேன். காலையில் நிழல் மேற்கே. நண்பகலில் தெற்கே. சாயங்காலம் கிழக்கே. கல் வரிசை இடப்பக்கமாக வளைந்து போகிறது. மறுநாளும் வைத்தேன். மூன்றாம் நாளும் வைத்தேன். கல்லை ஏதாவது கங்காரு நகர்த்தியிருக்குமோ என்றுகூடப் பார்த்தேன்.

என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் துணி காயப்போடுகிறேன். வடக்கு வெயில் விழுகிற இடம் பார்த்துக் கொடி கட்டியது நான். சமையலறை ஜன்னலை வடக்குப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று நெவிலோடு சண்டை போட்டது நான். துணி காயப்போடும்போது தெரிந்த திசை, வட்டத்துக்குள் கால் வைத்ததும் எனக்கு மறந்துபோயிருக்கிறது. புத்தகத்தில் இருக்கிறதே என்று நடந்திருக்கிறேன்.

சரி. நீ சொன்னதுதான் சரி. எழுதிவிட்டேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

ஆனால் எனக்கு இது இதோடு முடியவில்லை. நான் ஏன் ஆறு வருஷம் பிடித்த பிடியை விடவில்லை என்று நினைக்கிறாய்? முதல் மூன்று வருஷம் திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் பயம். வலச்சுற்று தப்பு என்றால், நெவிலைச் சுற்றி நடந்த மூன்று சுற்றும் தப்பு. அவர் என்னிடம் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று. உன் வழியிலேயே அனுப்பி வை என்றார். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அவரை நான் எங்கே அனுப்பினேன், கிளெனிஸ்? மூன்று நாளாக அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்தை உன் இஷ்டப்படி நடத்து. இடமாகவே சுற்று. ஆனால் இதற்குப் பதில் எழுது. ஆறுதல் சொல்லாதே, அதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. உனக்குத் தெரிந்ததைச் சொல்.

அவெரில்


சிக்னெட்
25 செப்டம்பர் 2015

அக்கா,

ஆறுதல் சொல்லவில்லை. முறையைத்தான் சொல்கிறேன்.

சூரியனோடு நடந்தால் கட்டுவது. எதிரே நடந்தால் அவிழ்ப்பது. நம் மண்ணில் எதிரே நடப்பது என்றால் வலச்சுற்று. இப்போது நீயே சொல்: செத்தவரைக் கட்டிவைப்பார்களா, அவிழ்த்து விடுவார்களா?

நீ அவரை அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறாய். மூன்று சுற்றும் சரியான பக்கம்.

உனக்காக இப்போது யோசித்துக் கண்டுபிடித்த பதில் என்று நினைத்துவிடாதே. போன ஜூலையில் எங்கள் வட்டத்து மார்கோ செத்தாள். அவளைச் சுற்றி நாங்கள் வலமாகத்தான் நடந்தோம். இங்கே சாவுக்கு மட்டும் எப்போதும் அப்படித்தான். எங்கள் சடங்கு நோட்டைக் கொண்டுவருகிறேன், தேதியோடு இருக்கிறது, நீயே படித்துப் பார். நூலகக்காரிக்கு எழுத்தில் இருந்தால்தானே நம்பிக்கை வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. நான் அன்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? உன் மேல் இருந்த ஆத்திரத்தில், பெட்டியைச் சுற்றி இடமாக நடந்திருப்பேன். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ அவிழ்க்க அவிழ்க்க நான் கட்டியிருப்பேன். பாவம் மனுஷன், போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்திருப்பார். சரியென்று தெரிந்தவள் வரவில்லை. தெரியாதவள் சரியாகச் செய்துவிட்டாள். எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உன்னைப் பற்றித்தான் பெருமை.

பிரையனிக்குப் பெயர் வைத்த சுற்றுதான் கொஞ்சம் இடிக்கிறது. அவளையும் அவிழ்த்துவிடும் பக்கமாகத்தானே சுற்றினாய்? அதனால்தான் பதினெட்டு வயதில் வடகோடியில் இருக்கிற டார்வின் நகரத்துக்கு ஓடினாள், இன்றுவரை ஒருத்தர் பேச்சைக் கேட்பதில்லை. போகட்டும், கல்யாணத்தில் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடலாம். ஜாரெட்டிடம் முன்கூட்டியே சொல்லிவை, பிறகு யாரும் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

அக்டோபர் 29-ஆம் தேதி கப்பல். மெல்போர்ன் துறைமுகத்துக்கு நீ வர வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

கிளெனிஸ்


கார்மைக்கல் கிரீக்
9 நவம்பர் 2015

அன்புள்ள கிளெனிஸ்,

நீ போய் எட்டு நாள் ஆகிறது. ஜன்னல் ஓரத்தில் உன் மூக்குக் கண்ணாடி கிடந்தது. இத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் இன்னும் கல்யாணப் பேச்சுதான். நான் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீயும் அழுதாய், பார்த்தேன். "இருபத்தஞ்சு வருஷமா நான் தப்பாத்தான் சுத்தியிருக்கேன். என் தங்கச்சி சொன்னா, நான் கேக்கல. ஆனா ஒண்ணு, ஒரு வருஷம்கூட சுத்தாம இருக்கல." இதை எழுதிவைத்துக்கொண்டு பேசவில்லை, வாயில் வந்தது. சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்சமும் அவமானமாக இல்லை. முதுகு இன்னும் நிமிர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் இந்தக் கால், சொன்ன பேச்சு கேட்காமல் பழைய பக்கமே திரும்பியதும், நீ என் முழங்கையைப் பிடித்துத் திருப்பியதும், பிரையனி கயிற்றோடு கயிறாக விழுந்து விழுந்து சிரித்ததும்! அவள் அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். நண்பகல் வெயில், வடக்கே உச்சியில் சூரியன். வீட்டுக்குள் போகாமல் நேராக மரத்தடிக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று நடந்தேன், வலமாக. போன தடவை தெரியாமல் அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டோம் என்று தெரியாததால்தான் மூன்றரை வருஷமாக ஒரு நுனியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். படுக்கையில் அவர் படுத்திருந்த பக்கத்தில் நான் படுப்பதில்லை என்பது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை தெரிந்தே நடந்தேன். மூன்றாவது சுற்று முடியும்போது வாய்ப் பழக்கத்தில் "போயிட்டு வா, நெவில்" என்று வந்துவிட்டது. நின்றேன். "இல்ல. போ, நெவில். நல்லபடியாப் போ" என்று திருத்திச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரன் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அன்று ராத்திரி கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்கினேன். விடிந்து எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. ஆனால் என்றைக்காவது என் முறை வரும், அப்போது என்னைச் சுற்றி நீதான் நடக்க வேண்டும் என்று பிரையனியிடம் சொல்லிவைத்துவிட்டேன். எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். அப்படியே மறந்துபோய் வேறு பக்கம் நடந்தாலும் நடந்துகொள். அட்டையில் எந்த நிபந்தனையும் எழுதியிருக்காது. நீ வந்து சேர், அது போதும்.

உன் அக்கா,
அவெரில்